நாலு பேர் கூடினால் பாட்டு முழுசாகும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டு மொட்டை மாடி. நாலு குடும்பம், ஆறு குழந்தைகள், ஒரு பெரிய பாத்திரத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டே தோழி ஒருத்தி, “மழை வருது மழை வருது நெல்லை அள்ளுங்க” என்று தன்பாட்டுக்குப் பாடினாள். “அள்ளுங்க இல்லடி, நெல்லுக் குத்துங்க” என்றாள் இன்னொருத்தி. முக்காப்படி அரிசி போட்டு முறுக்கு சுடுவதில் இருவருக்கும் சண்டையில்லை. அடுத்த வரியில் ஏரோட்டுற மாமனுக்கு அந்த முறுக்கை எண்ணி வைப்பதா எடுத்து வைப்பதா என்று மறுபடி பிடித்துக்கொண்டார்கள். கடைசி வரி இரண்டு பேருக்குமே வரவில்லை. எனக்கு வந்தது: சும்மா இருக்கிற மாமனுக்குச் சூடு போடுங்க. என் நாலு வயது மகள் ஓடிவந்து, “யாரும்மா அந்த மாமா?” என்று கேட்டாள்.

பிள்ளைக்குப் பாட எனக்குப் பாட்டே தெரியாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவள் நான். தெரியாமல் இல்லை, துண்டு துண்டாகத் தெரிந்திருக்கிறது. என்னிடம் கடைசி வரி, அவளிடம் முதல் வரி, நடுவில் உள்ளது யாரோ ஒரு பெரியம்மாவிடம். நண்பர்கள் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசினால் பாட்டு முழுசாகிவிடுகிறது. அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை கூடுகிறோம். எப்படிக் கூடுவது, எதைக் கேட்பது, சேர்த்த பாட்டை எந்த வயதுக் குழந்தைக்கு எப்படிப் பாடுவது என்பதையெல்லாம், முதல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுக்காகப் போனைத் தேடும் அப்பா அம்மாக்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஆள் சேருங்கள்

நாலைந்து பெரியவர்கள் போதும். பத்துப் பேரானால் கூட்டமாகிவிடும், யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஒரே ஊர்க்காரர்களாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் கூட்டத்தில் தேனிப் பக்கத்துத் தோழி ஒருத்தி, தஞ்சாவூர்க்காரர் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் தம்பதி என்று கலந்திருக்கிறோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் எழுதிய ஆடிப்பிறப்புப் பாட்டு அந்த யாழ்ப்பாணத்து அக்காவால்தான் எங்களுக்குக் கிடைத்தது. “ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை, ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே” என்று அவர் எடுத்ததுமே பிள்ளைகள் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று தொடங்குகிற பாட்டு எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது! அதில் வரும் கூழும் கொழுக்கட்டையும் எப்படிச் செய்வது என்று பேச்சு சமையலுக்குப் போய், அடுத்த ஆடி முதல் தேதி அதையும் செய்துபார்த்தோம்.

குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்க, நீங்கள் பாட்டுக்குப் பேசுங்கள். கவனிக்காத மாதிரிதான் இருக்கும், ஆனால் காது இங்கேதான் இருக்கும்.

எப்படிக் கேட்டால் பாட்டு வரும்

“உனக்கு என்ன குழந்தைப் பாட்டு தெரியும்?” என்று கேட்டால், “ஒண்ணும் தெரியாதுப்பா” என்றுதான் பதில் வரும். நாங்களும் முதலில் அப்படிக் கேட்டுத்தான் ஏமாந்தோம். பாட்டைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். “சின்ன வயசில் உனக்குச் சோறு ஊட்டும்போது யார் ஊட்டுவாங்க? என்ன சொல்லி ஊட்டுவாங்க?” “கரண்ட் போனால் என்ன விளையாடுவீங்க?” “தம்பிக்குத் தொட்டில் ஆட்டச் சொன்னால் நீ என்ன பாடுவே?” இப்படிக் கேட்டால் அந்த இடம் ஞாபகத்துக்கு வரும், அந்த இடத்தோடு பாட்டும் வரும்.

பெரியவர்களிடம் இன்னும் பக்குவமாகக் கேட்க வேண்டும். தேனித் தோழியின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவர் முன்னால் போனை வைத்து, “தாலாட்டுப் பாடுங்கம்மா, ரெகார்டு பண்றோம்” என்றோம். “எனக்கு எங்கம்மா தெரியும்” என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். அதோடு விட்டுவிட்டோம். மறுநாள் காலை மூன்று மாதப் பேத்தியைக் குளிப்பாட்ட உட்கார்ந்தார். மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் காலின் மேல் கிடத்தி, கணுக்காலில் தலையை அணைத்துக்கொண்டு, உள்ளங்கைக் குழியில் வெந்நீரை எடுத்து ஊற்ற ஊற்றப் பாட்டுத் தானாக வந்தது. குளியல் முடிந்து, சாம்பிராணி போட்டு, சேலைத் தொட்டிலில் விட்ட பிறகும் நிற்கவில்லை. “ஆராரோ ஆரிரரோ” என்று இழுத்து, யார் அடித்து நீ அழுதாய் என்று கேட்டு, மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே என்று ஒவ்வொரு உறவாக வந்தார். இடையில் அமெரிக்காவில் இருக்கும் தன் மகன் பெயரையும் அடித்தவர்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டார். தோழி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் வந்து எங்களிடம் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. தன்னையும் இப்படித்தான் தூங்கவைத்திருப்பார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

அதனால் பாட்டியிடம் போனை நீட்டாதீர்கள், குழந்தையைக் கொடுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் பிறகு அவரிடம் சொல்லி, அவர் சரி என்றால் மட்டும் இன்னொரு நாள் பக்கத்தில் போனை வைத்துக்கொள்ளலாம்.

எந்த வயதுக்கு எந்தப் பாட்டு

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. தெய்வத்தையோ பெரியவர்களையோ குழந்தையாக நினைத்துப் பாடும் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் வைத்துப் பாடுவார்கள். ஐந்தாம் மாத வாக்கில் கையை ஊன்றித் தலை நிமிர்த்தி அசைவது செங்கீரை, ஒன்பதாம் மாத வாக்கில் கை கொட்டுவது சப்பாணி, அப்புறம் நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலி. குழந்தையின் உடம்பு எதைச் செய்யத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு பாட்டு. நீங்களும் அப்படியே பிரித்துக்கொள்ளலாம், புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம்.

பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை தாலாட்டு ஒன்று போதும். வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறக்கும்போதே அம்மாவின் குரல் அதற்குத் தெரிந்த குரல். அந்தக் குரலில் ராகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால்தான் தாலாட்டு என்றார்கள். ரோ ரோ என்றோ லோ லோ என்றோ நாக்கு அசைந்தாலே தாலாட்டுதான். பெரியாழ்வார் யசோதையாக மாறிக் கண்ணனுக்குப் பாடியதும் தாலேலோ என்றுதான் முடிகிறது. கர்நாடக இசையில் தாலாட்டுக்கென்று நீலாம்பரி ராகத்தைச் சொல்வார்கள். தெரிந்தவர்கள் அதில் பாடுங்கள். தெரியாதவர்களுக்குத் தொட்டில் கயிறு கொடுக்கும் தாளம் போதும், தொட்டில் ஒரு பக்கம் போய் வருவதற்குள் ஒரு வரி. மாமன் அத்தை இடத்தில் உங்கள் வீட்டு ஆட்களின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வரிகளை அதற்காகத்தான் அப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

குழந்தை உட்காரத் தொடங்கியதும் “சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு”. மடியில் எதிர்முகமாக உட்காரவைத்து, அக்குளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்க்க வேண்டும். கை தட்ட வந்ததும் “கைவீசம்மா கைவீசு”. இந்தப் பாட்டில் எங்களுக்குக் கிடைத்த வரிகளைச் சேர்த்தால் ஒரு பக்கம் வரும். ஒரு வீட்டில் கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி மெதுவாய்த் தின்கிறார்கள், இன்னொரு வீட்டில் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருகிறார்கள், வேறொரு வீட்டில் சொக்காய் வாங்கிச் சொகுசாய்ப் போடுகிறார்கள். எது சரி என்று கேட்காதீர்கள், எல்லாம் சரி. உங்கள் பிள்ளை போகிற இடத்தையும் சேருங்கள். எங்கள் வீட்டில் பீச்சுக்குப் போய் மாங்காய் வாங்குகிறோம்.

ஒன்றரை வயதுக்கு மேல் ஒரு வேலை செய்யலாம். வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள். “கடைக்குப் போகலாம்…” என்று நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுங்கள். நாம் அவசரப்பட்டு அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறோம், அதுதான் தப்பு. என் தோழியின் மகன் பேசத் தாமதித்த பிள்ளை. இப்படி நிறுத்தி நிறுத்திப் பாடிய மூன்றாவது வாரம் “ஈசு” என்றான். கைவீசு என்று முழுதாக வர இன்னும் சில மாதம் ஆனது. பேச்சு தாமதமாகிறது என்று தோன்றினால் மருத்துவரையும் பாருங்கள், அவளும் பார்த்தாள். பாட்டு வைத்தியம் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளைக்கு வாயைத் திறக்க ஒரு ஆசையைக் கொடுத்தது.

சோறு ஊட்டும் வயதில் “பருப்பு கடை” விளையாட்டை விட்டுவிடாதீர்கள். குழந்தையின் உள்ளங்கையில் உங்கள் முழங்கையை வைத்துப் பருப்பு கடைய வேண்டும். சோறு போட்டு, நெய் ஊற்றி, அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே போய், கையைக் கழுவி, அப்புறம் இரண்டு விரல் நடந்து “நண்டூருது நரியூருது” என்று மணிக்கட்டிலிருந்து மேலே ஏறும். முழங்கை வரை வந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவதைவிட அந்தக் காத்திருப்புதான் அதற்குப் பிடித்தது என்று நான் நினைக்கிறேன். ஐந்து விரலுக்குப் பெயர், உறவு, எண்ணிக்கை, அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு எல்லாம் இந்த அரை நிமிஷத்தில் அடங்கியிருக்கிறது.

மூன்று வயதுக்கு மேல் கூட்டுப் பாட்டு. “ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சாம்” என்று இரண்டு பேர் கையைக் கோத்து வளைவாகத் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் வரிசையாக உள்ளே நுழைந்து போவது. எண்ணிக்கை ஏற ஏறப் பாட்டும் வளரும். இதற்கு ஐந்தாறு குழந்தைகள் வேண்டும் என்பதே நண்பர்களைக் கூட்ட ஒரு நல்ல காரணம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் “தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு” பாட்டும் கூட்டத்துக்கு அருமையாகப் பொருந்தும். அதில் ஒரு வரி வெள்ளைப்பசு என்று முடியும், அடுத்த வரி கன்றுக்குட்டி என்று முடியும். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பசு, ஒரு பக்கம் கன்று. தன் சொல் வரும் வரை காத்திருந்து சொல்ல வேண்டும் என்பதால் கூச்சப்படும் பிள்ளைகூட உள்ளே வந்துவிடும். அழ. வள்ளியப்பாவின் தொகுப்பு ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு எழுதுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட மனிதர் அவர். வாய்க்கு வராத ஒரு சொல்கூட அவர் பாட்டில் இருக்காது.

சுருதி

பாடத் தெரிந்தவர்களும் தவறுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

பெரியவர்கள் பெரும்பாலும் குழந்தைக்குத் தாழ்வான சுருதியில் பாடுகிறோம். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவோம். அந்த ஷட்ஜமத்தில், அதாவது ‘ஸ’வில் தொடங்கினால் சின்னக் குழந்தையின் குரல் அங்கே இறங்காது. அது பேச்சு மாதிரி முணுமுணுக்கும், நாமோ பிள்ளைக்குச் சுருதி சேரவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். கீபோர்டு இருந்தால் பாருங்கள், நடு ஸ்தாயியில் இரண்டு கட்டையிலிருந்து ஆறு கட்டை வரை உள்ள இடம்தான் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்குச் சௌகரியம். ஐந்து கட்டையில் பாடும் அம்மாவுக்கு அது தன் பஞ்சமத்திலிருந்து (ப) மேல்ஸ்தாயி ரிஷபம் (ரி) வரை. பாட்டு முழுவதும் அதற்குள் அடங்கும்படி எடுத்துப் பாடுங்கள். நமக்குக் கொஞ்சம் மேலே இருப்பதாகத் தோன்றும், பிள்ளைக்கு அதுதான் இயல்பு.

கட்டை, ஷட்ஜமம் எதுவும் தெரியாது என்றால் எங்கள் வழி இதுதான். குழந்தை அடுத்த அறையிலிருந்து “அம்மாஆ” என்று கூப்பிடும் அல்லவா, அந்தக் குரலின் உயரத்தைக் கவனியுங்கள். அதை ஒட்டிப் பாட்டைத் தொடங்குங்கள். குழந்தை உங்களோடு சேர்ந்துகொண்டால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

அப்பாக்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடுவதால் சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் பிடிப்பது கொஞ்சம் சிரமம். அதற்காகப் பாடாமல் இருந்துவிடாதீர்கள். குழந்தையைத் தொடங்கச் சொல்லி நீங்கள் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். எங்கள் தஞ்சாவூர்க்காரர் அப்படித்தான் செய்கிறார், கூடவே எவர்சில்வர் தட்டில் விரலால் தாளம் போடுவார். அவர் வந்துவிட்டால் பிள்ளைகள் வேறு யாரையும் தேடமாட்டார்கள்.

வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டைத் தினமும் பாடுங்கள். மாதத்துக்கு மூன்று புதுப் பாட்டு போதும், அதற்கு மேல் பிள்ளைக்கு எதுவும் சொந்தமாகாது.

சினிமாப் பாட்டும் போனும்

நண்பர்கள் பாட்டு என்று பேச ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷம் சினிமாவுக்குப் போய்விடும். போகட்டும். நல்ல தாலாட்டுகள் சினிமாவிலும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான பாட்டுகளின் சரணம் பெரிய பாடகர்களின் குரலுக்காகப் போட்டது, ரொம்ப மேலே போய் வரும். பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடுங்கள், அது போதும்.

போனில் ஓடும் கார்ட்டூன் பாட்டு வேறு விஷயம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, போன் நிறுத்திக் காத்திருக்காது என்பது. “ஈசு” என்று குழந்தை சொல்வதற்குள் அது அடுத்த பாட்டுக்குப் போயிருக்கும். நீங்கள் மறந்த மெட்டைத் தெரிந்துகொள்ளப் போனைப் பாருங்கள், கற்றுக்கொண்டதும் மூடி வைத்துவிட்டு நீங்கள் பாடுங்கள்.

பழைய பாட்டு என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே பாட வேண்டும் என்றும் இல்லை. நிறத்தையோ சாதியையோ உடம்பையோ கேலி செய்யும் வரிகள் சில பாட்டுகளில் வரும். எங்களுக்கும் வந்தன. நோட்டில் உள்ளபடி எழுதிவைத்தோம், பிள்ளைகளுக்குப் பாடும்போது வேறு வரி போட்டுக்கொண்டோம். பூச்சாண்டி வரான் என்று பயமுறுத்தித் தூங்கவைப்பதை அடியோடு விட்டுவிட்டோம். பயந்து கண்ணை மூடுகிற குழந்தை நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுதிவைப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். பாட்டைப் புத்தகத் தமிழுக்கு மாற்றாமல், வாயில் வந்தபடியே எழுதுங்கள். “ஊத்தி” என்றால் ஊத்திதான், “ஊற்றி” ஆக்கினால் தாளம் போய்விடும். கீழே மூன்று விவரம்: யார் பாடினார், அவருக்கு எந்த ஊர், எந்த வேலை செய்யும்போது பாடுவது. மெட்டைப் போனில் பதிந்துகொண்டால் கோப்புக்கு உடனே பாட்டின் பெயரும் ஊரும் தேதியும் போட்டுவிடுங்கள். எண்ணாக விட்டுவைத்த பதிவுகளில் எது எது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரிவதில்லை. இன்னொரு போனிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

ஒரே பாட்டுக்கு இரண்டு வடிவம் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மழைப் பாட்டுக்கு எங்கள் நோட்டில் இரண்டு பத்தி இருக்கிறது. என் மகள் இப்போது மூன்றாவதாக ஒன்று பாடுகிறாள், மாமனுக்கு “எண்ணி எடுத்து வையுங்க” என்று. அதையும் எழுதி, பக்கத்தில் அவள் பெயரையும் வயதையும் போட்டிருக்கிறேன்.

கிடைக்காத வரிக்கு இடம் விட்டு எழுதுங்கள், புள்ளி வைத்து முடித்துவிடாதீர்கள். தேனி அம்மாவின் தாலாட்டில் அத்தைக்கு அப்புறம் இரண்டு வரி காலியாக இருக்கிறது. அங்கே சித்தி ஒருத்தி வருவாள், என்ன பூவால் அடிப்பாள் என்பதுதான் அவருக்கு மறந்துவிட்டது. தன் அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தோழி நோட்டை எடுத்துக்கொண்டு போகிறாள்.